மொட்டைமாடித் தாமரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அறுபதுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்குக் கொலு பார்க்க வந்த பெண்கள் அத்தனை பேர் நடுவிலும், "அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு எங்காத்துத் தாமரைதான்" என்று சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு தொட்டியும் நாலைந்து இலைகளும்.

தொட்டி தாராவிக் குயவர்களிடம் வாங்கிய அகலமான மண் தொட்டி. அதை மொட்டைமாடியில் சேர்ப்பதற்குள் என் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மார்க்கெட் பூக்காரி கொடுத்த கிழங்கைக் களிமண்ணில் நட்டேன். இலை வந்தது. மறுபடியும் இலை வந்தது. பூ மட்டும் வரவில்லை. எதிர்வீட்டு மாமி என்னைக் கண்டபோதெல்லாம், பூஜைக்குப் பூ இல்லாவிட்டால் என்ன, அந்த இலையிலேயே எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிடேன் என்பாள். சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

கவனிப்பில் குறை வைத்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நேற்றுப் பிடித்த தண்ணீரைச் சுவாமிக்கு வைக்கும் வழக்கமில்லை. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டி, குடத்தைத் தேய்த்து, புதிதாகப் பிடிப்போம். சுவாமிக்குப் போகிற பூவுக்கு மட்டும் நேற்றுத் தண்ணீரா? குளித்துவிட்டு வாளியோடு மாடி ஏறுவேன். தொட்டித் தண்ணீரைச் செம்பால் மொண்டு கொட்டி, பாசி ஒட்டாமல் தேங்காய் நாரால் தேய்த்து, சில்லென்று புதுத் தண்ணீர் ஊற்றுவேன். மழை நாளிலும் விடமாட்டேன். காக்கை வாய் வைத்திருக்குமே.

ஆவணியில் அந்த வாளியோடுதான் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர், நவராத்திரி வரை படியேறக் கூடாது என்றார். வலியைவிடத் தாமரையை நினைத்துத்தான் அழுதேன். என் கணவர் மனமிரங்கி, ஆபீஸ் போகுமுன் தானே தண்ணீர் மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் வாளிப் பிடி சத்தமிட, பேப்பரோடு படியேறுவார். படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இறங்கி வந்ததும், மாற்றியாயிற்றா என்பேன். ஆயிற்று என்பார். மொட்டு உண்டா என்றால், வரும்போது வரும் என்று குளிக்கப் போய்விடுவார்.

நவராத்திரி வந்தது. பொம்மைகளை உட்கார்ந்தபடியே எடுத்துக் கொடுத்தேன், அவர் அடுக்கினார். வந்தவர்கள் எல்லோரும் சுண்டலை வாங்கிக்கொண்டு தாமரையைத்தான் விசாரித்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கால், கால் என்று அவர் பதறிக்கொண்டே பின்னால் வந்தார். அந்தப் பதற்றம் என் காலுக்காக இல்லை என்பது மேலே போனதும் தெரிந்தது.

காலையில் அவர் கீழே எடுத்துவர மறந்த வாளி ஒட்ட உலர்ந்து, தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி மாதிரி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் பேப்பர் படித்திருக்கிறார். தொட்டியின் பக்கமெல்லாம் பாசி. தண்ணீர் பச்சையாக, விரலை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. அடியில் ஏதோ ஓடியது.

"என்னன்னா இது, மீனா ஓடறது?"

"கொசு வரதுன்னு கீழாத்துல கத்தினா. ஆபீஸ்ல ஒருத்தர் நாலு குஞ்சு குடுத்தார்." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "மச்சாவதாரம்னு நெனச்சுக்கோயேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் பெரிய இலைக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நிமிர்ந்து, நுனி சிவந்து, நல்ல தடித்த மொட்டு. திறந்த வாயோடு அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை அது மலர்ந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அதை வைத்தபோது எதிர்வீட்டு மாமியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்ன உரம் போட்டாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

"இவரோட சோம்பேறித்தனம்தான் மாமி" என்றேன். சபையே சிரித்தது. அவரோ பரிசு வாங்கினவர் மாதிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த நாள் விடிகாலையில் குழாய் சத்தம் கேட்டதும் பழக்கத்தில் வாளியை நிரப்பிவிட்டேன். படி வரைக்கும் போயும்விட்டேன். அவர் பேப்பரோடு பின்னால் வந்து நின்றார்.

"நீ உக்காரு. இன்னிக்கும் நானே மாத்திடறேன்."

வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டு, காலி வாளியை அவர் கையில் கொடுத்தேன்.