நீலப் புள்ளிக்காரர்

கல்முனையிலிருந்து பஸ்ஸில் என் பக்கத்தில் வந்த அந்தத் தொப்பிக்காரரின் பழைய கேமரா, எடுத்த இடத்தைப் பதியாது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் முன், போன் வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியையும் ஒரு படம் எடுத்துக்கொள்வார்.

நிந்தவூரில் அவரோடு நானும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். அங்கே அவர் சாரனை மடித்துக் கட்டி, முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன்.

“கரையில நிண்டே எடுக்கலாமே, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“இடம் பிழைச்சிரும், தம்பி. கடல் அரிக்க முன்னம் எங்கட ஊடு இதிலதான் இருந்த.”

முதலில் புள்ளியை எடுத்தார். பிறகு கேமராவைக் கடல் பக்கம் உயர்த்தியவர், என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கிணத்துக்குள்ள நிக்கீங்க.”

சட்டென்று விலகினேன். இன்றும் அந்தக் கரைக்குப் போனால், அந்த இடத்தில் மட்டும் நான் கால் வைப்பதில்லை.