சுண்ணாம்புப் பானையில் விழுந்த கடற்பாசி

முசலிக் கரையில் பிறந்து உப்புக்குளத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாத்தும்மாவின் கைப்பக்குவத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நோன்பு மாதத்தில் அவள் காய்ச்சி ஊற்றும் கடற்பாசியைத் தின்றவர்களுக்கு வேறு வீட்டுப் பாசி தொண்டைக்குள் இறங்காது. கடலில் அள்ளிய பாசியை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி அலசி, வெள்ளைவெளேரென்று ஆனபிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். தும்பு ஒன்று மிதந்தாலும் பானையைக் கவிழ்த்துவிடுவாள். அப்படி ஒரு பிடிவாதம்.

சண்டை மூண்டு யப்பான் சரக்கு நின்றுபோன நாற்பத்திரண்டாம் ஆண்டில், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி பாலசிங்கம் அவள் வாசலுக்கு வந்தார். காய்ச்சல்காரரின் இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்து, இது இன்ன காய்ச்சல் என்று சொல்ல அவருக்குக் கண்ணாடித் தட்டில் இறுகி உறையும் பாசிக்கூழ் வேண்டும். அது அதுவரை யப்பானிலிருந்துதான் வந்தது.

“உங்கட பாசி இறுக்கமா உறையுமோ, அக்கா?”

பாத்தும்மா உடனே ஓம் என்றாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மகள் ஸுஹறா இருபது நாள் காய்ச்சலில் கிடந்து மௌத்தானாள். என்ன காய்ச்சல் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பிள்ளை போனதைவிட அந்தத் தெரியாமைதான் அவளை அரித்தது.

ஆனால் காரியம் கைகூடவில்லை. அவள் கூழ் கண்ணாடித் தட்டில் தொளதொளத்துக் கிடந்தது. கிருமி தடவும் கம்பி பட்டதும் கிழிந்தது. தெளியட்டுமென்று தேசிக்காய்ப் புளி பிழிந்தாள். அது கஞ்சியாகவே போய்விட்டது. இரண்டு நாள் அவள் காய்ச்சிக் காய்ச்சிக் கவிழ்த்தாள்.

மூன்றாம் நாள் அவள் புருஷன் ஜமால்தீன் பெரிய உதவி ஒன்று செய்தார். பெருநாளைக்குச் சுவருக்கு அடிக்க அவள் சிப்பிச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தாள். சுண்ணாம்பு கொதித்து ஆவி பறந்த அந்தப் பானையை அவள் காய்ச்சிய வெந்நீர் என்று நினைத்து, ஒரு கடகம் பாசியை அதற்குள் கொட்டிவிட்டார்.

“கண் என்ன பிடரியிலயோ இருக்கு?”

“வெள்ளையாத்தானே வேணுமெண்டாய்,” என்றார் மனிதர், கூசாமல்.

எறிய மனம் வராமல் அவள் அலசினாள். பாலசிங்கம் ஒரு கட்டுச் சிவப்புக் கடதாசி கொடுத்தார்; ஒரு துண்டைத் தண்ணீரில் தோய்க்க அது நீலமானால் சுண்ணாம்பு இன்னும் மிச்சம். பதினொரு தண்ணீர் மாற்றியபின்தான் கடதாசி சிவப்பாகவே நின்றது. காய்ச்சி, சீலையில் வடித்து, ஊற்றி ஆறவைத்தாள். விரலால் அழுத்தியபோது விரல் இறங்கவில்லை; சுண்ணாம்பு பாசியை இறுக்கியிருந்தது. ஜமால்தீன் அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பாலசிங்கம் அவளைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். அவளுடைய பாசியின் மேல் மங்கலான சிறு புள்ளிகளாய்க் கிருமி வளர்ந்திருந்தது.

“பேசாலையில இருக்கிற பிள்ளை ஒண்டின்ர இரத்தம். இது நெருப்புக்காய்ச்சல், தைபோயிட்.”

“எண்ட மகளுக்கும் இதுவோ வந்தது?”

பாலசிங்கம் பொய் சொல்லவில்லை. “அதை இனிச் சொல்ல ஏலாது, அக்கா.”

பாத்தும்மா தட்டைப் பார்த்தபடியே அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அந்தப் பிள்ளையிண்ட தாய்க்குச் சொன்னீங்களோ?”

“ஓம். காலமையே சொன்னனான்.”

“அப்ப சரி,” என்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தப் பெருநாளைக்கு அவர்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. இருந்த சுண்ணாம்பெல்லாம் பாசிக்குப் போனது.