பதினான்கு நாள் அவகாசம்

என் கணவர் மெதுவாக வாசிப்பவர். கல்முனையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை அவருக்கு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக்கி, அதைத் தலைகீழாக வாசித்துப் பிழை பார்த்துப் பழகியவர். அதனால் அச்சில் இருக்கும் எதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக அவரால் முடியாது. இருமல் மருந்து வாங்கி வந்தால், போத்தலில் ஒட்டியிருப்பதை முழுக்க வாசித்து முடித்த பிறகுதான் மருந்து என் கைக்கு வரும். அதற்குள் இருமலே நின்றுவிடும் என்று நான் கேலி செய்வேன்.

எங்கள் கல்யாணத்தன்றும் இதே கதைதான். காவின் என்னும் கல்யாணப் பதிவை எழுதும்போது பதிவுகாரர் புத்தகத்தை நீட்டி ஒப்பம் வைக்கச் சொல்ல, மாப்பிள்ளை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டாராம். உள்ளே பெண்களோடு இருந்த எனக்கு, "மாப்பிள இன்னும் வாசிக்காரு" என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. என் வாப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்ததை அவர் கண்டுபிடித்துத் திருத்த வைத்தார். அது நல்லதுதான். ஆனால் வெளியே பந்தலில் எழுந்த சிரிப்பு எனக்குப் பல வருடம் மறக்கவில்லை.

நான் மருதமுனைக்காரி. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் என் வீட்டுக்குக் குடிவந்தார். வீட்டில் எனக்கென்று இரண்டு கைத்தறிகள் இருந்தன. ஒன்றில் நானே நெய்தேன், மற்றதில் கூலிக்கு ஒரு பெண் நெய்தாள். அந்த வருமானத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது என் காசு, என் பெயரில் வங்கியில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சவூதிக்குப் போய் வந்தவர்களின் வீடுகளில் புதுச் சாமான்களும் புது ஆசைகளும் வந்து இறங்கிய காலம். என் மூத்த சகோதரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஒருநாள் பின்னேரம் கையில் ஒரு நோட்டீஸோடு வந்தார்.

"தங்கச்சி, இதப் பாரு. நம்மளும் வருசத்துக்கு ஒரு கிழமையாவது மனிசரு மாதிரிப் பொயித்து இரிந்து வரத் தேவல்லயா?"

அறுகம்பேயில் கடலோரத்தில் ஒரு விடுமுறை விடுதி. அதில் உள்ள அறைகளைப் பல குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒருமுறை பணம் கட்டினால், இருபத்தைந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் அறை நமக்குத்தான். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு போகலாம். ஒப்பம் வைக்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்று இலவசம். நோட்டீஸில் இருந்தது இவ்வளவும்தான்.

அந்த நோட்டீஸின் எழுத்தைக் கோர்த்ததே என் கணவர்தான். "இலவசம் எண்ட சொல்லுக்கு அச்சகத்தில இரிக்கிற ஆகப் பெரிய எழுத்தப் போடச் சொன்னாங்க" என்றார்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை தறிச் சத்தம் கேட்டுக் கேட்டு, அது இல்லாத ஏழு நாள் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தேன். நான் சமைக்காத சோறு, நான் கூட்டாத முற்றம். முன்பணத்துக்கு என் காசு போதும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அவர், "போய்ப் பாப்பம்" என்றார்.

ஒருநாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் ஒரு மண்டபத்தில் தேநீர் விருந்து. இருபது தம்பதிகள் வரை வந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அந்த நிறுவனத்தார் திரையில் படம் காட்டினார்கள். தென்னை மரம், வெள்ளைச் சுவர், நீலக் கடல். பிறகு ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்து ஒப்பந்தத்தை விரித்தார். எங்களிடம் வந்தவர் கழுத்துப் பட்டி கட்டிய இளைஞர், இனிமையாகப் பேசுகிறவர்.

"மேடம், இன்றைக்கு ஒப்பம் வைக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த விலை. நாளைக்கு வந்தால் கூடிடும்" என்று பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

நான் பேனாவை வாங்கிவிட்டேன். என் கணவர் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஐந்து பக்கம், எல்லாம் ஆங்கிலம். என் கணவருக்கு ஆங்கிலம் கதைக்க வராது. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆங்கில எழுத்தும் கோர்த்தவர், வாசித்துப் பொருள் எடுப்பார். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். எனக்குக் கல்யாணப் பந்தல் நினைவுக்கு வந்தது.

முன் மேசையில் காக்கா ஒப்பம் வைத்து, பிளாஸ்க்கையும் வாங்கிவிட்டார். பக்கத்து மேசையில் ஓர் ஆசிரியரும் மனைவியும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தேநீர் ஆடை கட்டிவிட்டது. நான் மேசைக்குக் கீழே அவர் கையைக் கிள்ளினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

"சார், இதெல்லாம் வழக்கமான நிபந்தனைதான். எல்லாருக்கும் ஒரே பத்திரம்" என்றார் இளைஞர்.

"ஓம். எல்லாருக்கும் ஒண்டெண்டா நான் வாசிச்சாலும் ஒண்டுதானே" என்றார் என் கணவர், கோபமே இல்லாமல். பிறகு மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். "தம்பி, எந்தக் கிழமை எண்டத நிறுவனம் தீர்மானிக்கும் எண்டு இதில இரிக்கி. நோட்டீஸில பாடசாலை விடுமுறை எண்டு இரிந்திச்சே. அத நான்தான் கோர்த்த."

"முடிந்த அளவுக்கு விடுமுறையில்தான் தருவோம் சார்."

"அத இதில எழுதல்லயே. மார்கழியில தந்தா? எங்கட கரையில மாரி மழைக்குள்ள கடலப் பாக்கப் போற ஆரு?"

பக்கத்து மேசை ஆசிரியர் தலையைத் திருப்பினார். என் கணவர் அடுத்த வரிக்குப் போனார். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்பது நிறுவனத்தின் விருப்பம். கட்டாவிட்டால் அந்த வருடக் கிழமை போய்விடும். இதை அவர் எனக்காகத் தமிழில் சொன்னார். உண்மையில் சுற்றியிருந்த மேசைகள் எல்லாவற்றுக்கும் கேட்டது. அதற்குள் அங்கே பேச்சு அடங்கியிருந்தது.

காக்கா எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. "மச்சான், நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்காதீங்க. காசு ஒங்கடயா? தங்கச்சிட காசு."

"மெய்தான் மச்சான். அவட காசுதான். அதுக்குத்தான் வாசிக்கன். என்ட காசெண்டா அரைவாசியில விட்டிரிப்பன்."

காக்கா திரும்பிப் போய் உட்கார்ந்தார். எனக்கு என்னவோ போலாயிற்று. கிள்ளிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு அவர் கேட்டார்: "இந்தக் கடுதாசிய வீட்ட கொண்டு போய் ரெண்டு நாளைக்கு வெச்சிப் பாக்கலாமா?"

"ஒப்பம் வைத்த பிறகுதான் பிரதி தருவோம் சார்."

"அப்ப ஒப்பம் வெச்ச மறுகாதான் யோசிக்கலாம். சரி. வெச்சிப்போட்டு யோசிச்சி, வேணாம் எண்டு பட்டா, முன்பணம் திரும்பி வருமா?"

இளைஞர் மேசையைப் பார்த்தார். அப்படி எதுவும் பத்திரத்தில் இல்லை. அந்தக் காலத்தில் வாங்குகிறவருக்கு மனம் மாற அவகாசம் கொடுக்கும் சட்டம் பற்றி எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. என் கணவரும் சட்டம் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பேனாவை எடுத்து, பத்திரத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில், அச்சு எழுத்துப் போலவே தெளிவாக, தமிழில் எழுதினார். பதினான்கு நாளுக்குள் நாங்கள் இடத்தைப் போய்ப் பார்ப்போம். விருப்பமில்லை என்று கடிதம் எழுதினால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.

"இதுக்குக் கீழ நீங்களும் ஒப்பம் வெச்சா, அவ இப்பவே வெப்பா."

இளைஞர் எழுந்து போய் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் வயதானவர். முதலில் முடியாது என்றார். அப்போது ஆசிரியரின் மனைவி, அதுவரை வாய் திறக்காதவர், தன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "எங்களுக்கும் அந்த வரிய எழுதித் தாங்க, இல்லாட்டி நாங்களும் வெக்கல்ல" என்றார். மேலாளர் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு பத்திரத்திலும் ஒப்பம் வைத்தார்.

"இப்ப வை, புள்ள" என்றார் என் கணவர். நான் வைத்து, முன்பணத்தையும் கட்டினேன். பிளாஸ்க்கும் கிடைத்தது.

அடுத்த கிழமையே, வெள்ளியைத் தவிர்த்து ஒருநாள், இருவரும் காலை பஸ்ஸில் புறப்பட்டோம். அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் தாண்டி, பொத்துவிலில் இறங்கி, பாலம் கடந்து நடந்தோம். விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த இடத்தில் நான்கு தூண்கள் நின்றன. அவற்றைச் சுற்றி அத்திவாரம், அதற்குள் அடம்பன் கொடி. படத்தில் பார்த்த வெள்ளைச் சுவர் எங்கோ வேறு ஊரில் இருக்க வேண்டும்.

நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டு ஒருவர் இருந்தார். விநாயகபுரத்து மீனவராம், இங்கே காவலுக்கும் இருக்கிறாராம்.

"விடுதி எங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"இதுதான் தங்கச்சி விடுதி" என்று தூண்களைக் காட்டினார். "வேல நிண்டு ஏழெட்டு மாசம். எனக்குக் கூலி வந்தும் மூணு மாசமாகுது."

நான் அந்த அத்திவாரத்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. ஏமாந்தது மட்டுமல்ல, ஆசைப்பட்டதே வெட்கமாக இருந்தது. பார்த்தாயா, நான் அப்போதே சந்தேகப்பட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். எந்த ஆணும் சொல்லியிருப்பான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டு வந்த சோற்றுப் பொதியைப் பிரித்து, பெரிய மீன் துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஆசப்பட்டதில பிழையில்ல, புள்ள. இடம் நல்ல இடம்தான். கட்டி முடியும் எண்டு நீ நம்பினா விட்டு வைப்பம். இல்லாட்டி எழுதுவம். ரெண்டுக்கும் நாள் இரிக்கி. நீ சொல்லு."

"எழுதுவம்" என்றேன்.

அன்றே எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை நோட்டீஸோடும் பத்திரப் பிரதியோடும் சேர்த்துக் கட்டி வைத்தார். சில நாள் கழித்து அந்தக் கழுத்துப் பட்டி இளைஞர் எங்கள் வீடு தேடி வந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். தறியிலிருந்து எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நான்தான் கதைத்தேன்.

"மேடம், இப்போது விட்டால் கட்டி முடிந்த பிறகு இந்த விலைக்குக் கிடைக்காது."

"கட்டி முடிங்க தம்பி. அந்தக் கட்டிடத்த நான் வந்து பாத்து, பிடிச்சா அண்டைக்குப் பேனாவத் தாங்க. அதுவரைக்கும் என்ட காசு என்னோட இரிக்கட்டும்."

இப்படிப் பேச எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

காசோலை வந்தது, ஆனால் பிளாஸ்க்கின் விலையைக் கழித்து. நான் போகட்டும் என்றேன். அவர் விடவில்லை. நோட்டீஸின் ஒரு பிரதியை உறையில் போட்டு, "இலவசம்" என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, இரண்டே வரியில் கடிதம் எழுதினார். மிச்சமும் மணியோடரில் வந்தது.

காக்காவின் கதை அப்படி முடியவில்லை. அவருடைய பத்திரத்தில் அந்த வரி இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகியும் தூண்களில் ஓடு ஏறவில்லை. கடைசியில் கடிதம் வந்தது. வேறு ஏதோ விடுதியில் அறை, மார்கழி இரண்டாம் கிழமை என்று. அந்த மழையில் பொத்துவில் பாதையில் தண்ணீர் நின்றது, காக்கா குடும்பத்தால் போகவே முடியவில்லை. அதற்கும் பிறகுதான் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவுக்கு வெளியே நின்று, "மச்சான் இரிக்காரா?" என்று என்னிடம் கேட்டார். மண்டபத்தில் நடந்ததற்குப் பிறகு இருவரும் பெருநாள் ஸலாமோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பழசு எதையும் எடுக்காமல், "பத்திரத்தக் கொண்டு வந்தீங்களா மச்சான்?" என்றார். அன்று ஒப்பம் வைத்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போனார்கள், இருவரும் ஒரே சைக்கிளில். பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினார்கள். நோட்டீஸில் பாடசாலை விடுமுறை என்று அச்சிட்டீர்கள், அதை நம்பித்தான் பணம் கட்டினோம் என்று. ஒரு சட்டத்தரணியும் தன் பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பல மாதம் இழுபட்டது. முழுப் பணம் யாருக்கும் வரவில்லை. காக்காவுக்குப் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. அதற்கே அவர் எங்களுக்கு ஆட்டிறைச்சி அனுப்பினார்.

அந்த ஆவணி விடுமுறையில் நானும் அவரும் பிள்ளைகளோடு அறுகம்பேக்குப் போனோம். ஒரு வீட்டின் பின் அறையை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரப் பெண் விலையைச் சொன்னாள், நாங்கள் ஓம் என்றோம், அவ்வளவுதான். பிள்ளைகள் பலகையில் அலை ஏறும் வெள்ளைக்காரரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடற்கரை ஊரில் பிறந்தும் அதுவரை கால் நனைத்ததற்கு மேல் நான் கடலில் இறங்கியதில்லை. இரண்டாம் நாள் காலை, ஆளில்லாத பக்கமாக, இடுப்பளவு தண்ணீர் வரை போனேன். ஓர் அலை வந்து என்னை அப்படியே கரையில் உருட்டிப் போட்டது. எழுந்து பார்த்தால், என் செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடியும் இறங்கினேன்.