கணவர் பேரில் இருபத்தேழு சீட்டுகள்

அகராதி அலுவலகத்தில் அவளுக்குத் 'துண்டுச்சீட்டு' என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ள அவள் காது அங்கே இருந்தால்தானே? அது எப்போதும் அடுத்த மேசைக்காரர் பேச்சில் இருக்கும்.

ஆங்கிலத்தில் 'சீ' என்று ஒரு வினைச்சொல். பள்ளியில் கால் வைத்த முதல் வருடமே பிள்ளைகள் படித்துவிடுகிற சொல். அதற்கு நாம் தமிழில் என்னென்ன சொல்கிறோம் என்று திரட்டித் தரும் பொறுப்பு இரண்டு வருடத்துக்கு முன் அவள் தலையில் விழுந்தது. "பாக்குறது, அவ்வளவுதானே சார்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுறேன்" என்று அகராதியின் ஆசிரியரிடம் வீராப்பாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

ஆங்கிலக்காரர் டாக்டரைப் பார்க்கிறார். நாம் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம். விடைபெறும்போது அவர் பார்ப்பதைப் பற்றிப் பேசுகிறார். நாம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே 'வரேன்' என்கிறோம். விஷயம் புரிந்தாலும் அவருக்கு அதே சொல்தான், ஊருக்குப் போகிறவரை ரயிலேற்றி விட்டாலும் அதே சொல்தான். ஒன்றைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் இன்னொன்று எழுந்து ஓடியது. அவளும் கூடவே ஓடினாள்.

ஆசிரியர் வேறு கறாரான ஆள். புத்தகத்திலிருந்து உதாரணம் எடுக்கக் கூடாது, மனிதர் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு சீட்டு. கீழே யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. இந்த விதி அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நிம்மதியையும் கெடுத்தது. பேருந்தில் காலியான இருக்கையை விட்டுவிட்டு, பேசிக்கொண்டிருக்கிற இரண்டு பேருக்குப் பின்னால் போய் நிற்பாள். சாவு வீட்டில் நாத்தனார் "இனிமே அந்த முகத்தை எப்பப் பாக்கப்போறேன்" என்று அழுதபோது, இவள் கை தானாகக் கைப்பைக்குள் போனது. நாத்தனார் அன்றோடு இவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தப்புதான். அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட மனம் வரவில்லை.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், பதினோரு வருடமாக ஒரே தடத்தில். "ரெண்டு வருஷமா என் பொண்டாட்டிக்கு என்னைப் பாத்தாலே 'சீ'ங்கிற நெனப்புதான்" என்று பணிமனையில் சொல்லிச் சிரிப்பார். கிண்டல் செய்தாலும் அவளுக்குக் கைகொடுத்தவர் அவர்தான். பார்ப்பது வேறு, தெரிவது வேறு என்று காட்டுகிற வாக்கியங்களுக்காக அவள் அலைந்துகொண்டிருந்தபோது, அவர் வாயில் அவை சும்மா வந்து விழுந்தன.

"கடிகாரத்தைத்தான் பாக்குறேன். முள்ளு தெரியல. மணி என்னன்னு சொல்லு."

"ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்!"

அவரும் நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொல்வார்.

எல்லாவற்றையும் அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் ஒருவழியாக வந்தது. கடைசியாக ஒரு சோதனை பாக்கி: ஒரே ஆள் சொன்ன வாக்கியம் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவரை பொருள்வாரியாக அடுக்கியிருந்த சீட்டுகளைக் காலையில் ஆள்வாரியாகப் பிரித்தாள். கணவர் பேரில் மட்டும் இருபத்தேழு சேர்ந்துவிட்டன. எந்த மூன்றை வைத்துக்கொள்வது என்று தேதி வரிசைப்படி அடுக்கிப் படித்தாள்.

போன வருடத் தொடக்கத்தில்: 'பேப்பர்ல எழுத்து தெரியல, லைட்டைப் போடு.' நான்கு மாதம் கழித்து: 'எதிர் வீட்டுக்காரர் என்னைப் பாத்துச் சிரிச்சாராமே, எனக்குத் தெரியவே இல்ல.' மழைக்காலத்தில்: 'படி எங்க முடியுதுன்னு தெரியல, கையைக் குடு.' கடைசிச் சீட்டு முந்தாநாளுடையது: 'ரோட்டுல ஒரு அம்மா குறுக்க வந்தாங்க. கிட்ட வர்ற வரைக்கும் தெரியல.' அதன் ஓரத்தில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து: 'அருமையான வாக்கியம்.'

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று நாற்பது. அவர் இப்போது ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு எங்கேயோ வந்துகொண்டிருக்கிறார். வண்டியில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டார். சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அச்சகத்துல ஆள் உக்காந்திருக்காங்கம்மா!" என்று அவள் படியிறங்கும்வரை ஆசிரியர் கத்தினார்.

பன்னிரண்டுக்கு வர வேண்டிய அவர் வண்டி பன்னிரண்டு ஐந்துக்கும் வரவில்லை. பேருந்து நிலையத்தில் கால் தரையில் பாவாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "வந்துரும் மேடம், உக்காருங்க" என்றார் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளின் வரவைக் குறித்துக்கொண்டிருந்த நேரக் காப்பாளர். அவர் சொன்னது அவள் காதிலேயே ஏறவில்லை. பன்னிரண்டே காலுக்கு வண்டி ஊர்ந்து வந்து, நிற்க வேண்டிய கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றது. ஆட்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அடுத்த நடைக்கு ஏற வந்தவர்களை இடித்துக்கொண்டு அவள் முன்வாசல் வழியாக ஏறினாள்.

"யாரு?" என்றார் அவர், மூன்றடி தூரத்திலிருந்து.

"நான்தாங்க. எறங்குங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "அடுத்த மாசம் கண் பரிசோதனை வருது. அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு நெனச்சேன். ரோடு பூரா மனப்பாடம்."

"அந்த அம்மா உங்க மனப்பாடத்துல இருந்தாங்களா?"

பின்னால் யாரோ "வண்டி கெளம்புமா கெளம்பாதா?" என்று குரல் கொடுத்தார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றாள் அவள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேற யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்டதான் சொன்னேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு தடவை சொன்னேன். நீ எழுதிக்கிட்ட."

அவரே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். இருவரும் கூண்டுக்கு நடந்துபோய் விஷயத்தைச் சொன்னார்கள். உடல்நிலை காரணமாகப் பணியிலிருந்து விலகி நிற்பதாகச் சொல்லும் படிவத்தை நேரக் காப்பாளர் எடுத்து நீட்டினார். கணவர் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், பிறகு பலகைமேல் வைத்துவிட்டார்.

"எங்க போடணும்?"

அவள் அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கையை எடுக்காமல் நின்றாள்.