நான் உதைத்த கை

தேவனுடைய பிள்ளைகளே, தாமல் ஏரி மதகுக்குள் என் மனைவியின் தம்பியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தச் சபையில் எழுந்து நிற்கிறேன்.

எனக்குக் கூலி வேலைதான். ஆனால் ஏரியில் முங்கி மதகு அடைப்பை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறைய. அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், மதகு அடைத்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்யும் என் மச்சான் யோவான் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கிணற்றில் நீந்தத் தெரியும், அவ்வளவுதான். நான் வழி காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போனேன். கரையில் இருந்தவர்கள் இடுப்பில் கயிறு கட்டச் சொன்னார்கள். எனக்கா கயிறு என்று சிரித்தேன்.

மதகு வாய்க்கு முன்னால் இரண்டு பக்கமும் கல் சுவர், மேலே கல் மூடி. உள்ளே கண் தெரியாது. இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போகவேண்டும். திரும்பும்போது அதே சுவர் வலது கைக்கு வரவேண்டும். சிக்கியிருந்த கிளையைப் பிடுங்கினேன். புரண்டதில் திசை மறந்துபோனது. பழக்கத்தில் இடது கையையே அந்தச் சுவரில் வைத்து நீந்தினேன். வேகமாக வெளியே போவதாக நினைப்பு. அடைப்பு எடுபட்ட தண்ணீர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலேயே வந்திருந்த யோவான் என் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். பயந்துவிட்டான் என்று உதறினேன். மறுபடியும் பிடித்தான். உதைத்தேன். என் தலை மதகுக் கல்லில் இடித்தது. அப்போதுதான் புரிந்தது. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை, ஒரு கை கொடும் என்று மனதுக்குள் கதறினேன். வழி தெரியவில்லை என்று அதுவரை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

கை வந்தது. நான் உதைத்த அதே கை. இந்த முறை அது இழுத்த பக்கம் போனேன்.

கரையில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள், பையனைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாய் என்று. யோவானின் உதட்டில் ரத்தம். என் குதிகால் பட்டது. அவன் இருமிக்கொண்டே, "மாமாதான் இட்டுக்கினு வந்தாரு" என்றான்.

கொஞ்ச நேரம் அந்தப் புகழை வாங்கிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பிறகு தாங்கவில்லை. "இல்லபா, நான் தப்பா இட்டுக்கினு போனேன். அவன்தான் என்ன இழுத்துக்கினு வந்தான்" என்றேன்.

தனியாக இருக்கும்போது யோவானிடம் கேட்டேன், உதைத்தவனை விட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று. "அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது மாமா?" என்றான். அவனை இறக்கிவிட்டபோது நான் அப்படி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இப்போது கயிறு கட்டாமல் இறங்குவதில்லை. பின்னால் வருகிறவன் காலைத் தொட்டால் நின்றுவிடுகிறேன். வீட்டிலும் அப்படித்தான், யாராவது தடுத்தால் நின்று கேட்கிறேன். யோவான் அதோ வாசலோரம் உட்கார்ந்திருக்கிறான், உதட்டில் தழும்போடு. அன்பானவர்களே, வழி தெரியவில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். உதைத்தவனுக்கே மறுபடியும் கை கொடுத்தவர், உங்களுக்குக் கொடுக்கமாட்டாரா?