விழுந்தால் சிரிக்க ஓர் ஆள்

கார்ட்டூன் படம் எடுக்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்குக் ‘குப்புற அக்கா’ என்று பெயர். சண்டைக் காட்சிகளில் அடிப்பவர்களை வேறு ஆட்கள் அசைய வைப்பார்கள். அடிபட்டு விழுபவர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மெத்தையும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்திருந்தாள். முதலில் தானே மெத்தையில் விழுவாள். எந்தத் தோள் முதலில் தரையைத் தொடுகிறது, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கணினியில் கை வைப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொப்பென்ற சத்தம் கேட்டு அடுத்த அறைக் கணக்கர் தண்ணீரோடு ஓடிவந்தார். பிறகு தலைகூடத் தூக்குவதில்லை.

அவர்கள் எடுத்த முதல் படம் சக்கைப்போடு போட்டது. மில்லில் மூட்டை சுமக்கும் தொந்திப் பெருச்சாளி ஒன்று, சண்டைக் கலை கற்கப் போய் அடிமேல் அடி வாங்கிக் கடைசியில் வீரனாகிற கதை. பெருச்சாளி விழுந்தபோதெல்லாம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த விழுகை அவளுடையதல்ல, அவள் தம்பியுடையது. சமதரையிலும் தடுக்கி விழுகிறவன் அவன். விழுந்த வேகத்தில் எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டு, அரும்பாத மீசையைத் தடவிக்கொண்டு, “மண் ஒட்டல” என்பான். அவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே இன்னொரு தடவை வேண்டுமென்றே விழுவான்.

அப்பா போன பிறகு தம்பி படிப்பை விட்டுவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றான். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில், போனால் இந்த வாசற்படியைத் திரும்ப மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தைதான். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். கொஞ்ச காலம் அக்காவுக்கு மட்டும் போன் செய்தான். பிறகு அதுவும் நின்றது. கப்பல் கம்பெனியில் விசாரித்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் கணக்கு முடித்துக்கொண்டு இறங்கிவிட்டான் என்றார்கள். அதன் பிறகு அம்மா அவனைப் பற்றிப் பேசுவதில்லை. துவைத்த துணிகளை அவன் கட்டிலில் போட்டு மடிப்பாள், அவ்வளவுதான். உடம்புக்கு முடியாத நாளிலும் அதில் படுக்க மாட்டாள்.

இரண்டாவது படம் தொடங்கியபோது எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. பெருச்சாளி இப்போது மாவீரன். ஆகவே எதிரி ஒருவன் போதாது, ஒரு படையே வேண்டும் என்றார்கள். வெடிக்கும் மலை வந்தது, பறக்கும் கோட்டை வந்தது. அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். முதல் படத்தில் அவன் விழும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் தவளை நண்பனைச் சண்டைக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிட்டார்கள். குப்புற அக்காவுக்கு வேலையே குறைந்துபோனது. வீரன் எங்கே விழுவது?

பாதி முடிந்த படத்தை ஒரு சனிக்கிழமை காலையில் ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பறக்கும் கோட்டை நொறுங்கிய நேரத்தில் ஒரு பெண் குழந்தை முன் நாற்காலியின் ரெக்சினைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டார்கள், கழிப்பறைக்குப் போனார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இயக்குநர் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். குப்புற அக்கா அவருக்கு ஒரு டீ கொண்டுபோனாள். இதைவிடப் பெரிய சண்டை எப்படி வைப்பது என்று தெரியவில்லை என்று புலம்பினார். பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல், “போன படத்துல இவன் வீரனாகணும்னு ஆசைப்பட்டான். இப்ப ஆயாச்சு. இனி இவனுக்கு என்னதான் வேணும்?” என்றார்.

அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். முதல் படம் வெளியான அன்று தனக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பார்த்தாள். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். அவள் மொட்டைமாடிக்குப் போய், உபயோகத்தில் இல்லாத தம்பியின் பழைய எண்ணுக்குப் போன் போட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

“ஜெயிச்சாச்சு சார். ஆனா அதைப் போய் சொல்றதுக்கு அவனுக்கு ஆள் இல்ல” என்றாள். “விழுந்தா சிரிக்கவும் ஆள் இல்ல.”

இயக்குநர் அவளைப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

அடுத்த மாதங்களில் கதைக்காரர்கள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தைத்தார்கள். தவளை கோபித்துக்கொண்டு எங்கோ போய்விடுகிறது. ஊரே கைதட்டும்போது பெருச்சாளி அந்த ஒரு சிரிப்பைத் தேடுகிறான். சந்தை நடுவே, எதிரி முன்னால், ராஜசபையில், எங்கேயாவது அது கேட்குமா என்று வேண்டுமென்றே விழுகிறான். ஒவ்வொரு விழுகையும் சிரிப்பாக வர வேண்டும். எழுந்து சுற்றிப் பார்க்கும்போது சிரிப்பு அடங்க வேண்டும். குப்புற அக்காவின் மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. சண்டைகள் பாதியாகக் குறைந்தன. மிச்சம் இருந்தவற்றில் அவன் எதற்காக அடிக்கிறான் என்று குழந்தைக்கும் தெரிந்தது.

முடிவுதான் இழுத்தது. தவளை வர வேண்டும் என்று பாதிப் பேர், வரக் கூடாது, அதுதான் மனதில் நிற்கும் என்று பாதிப் பேர். இயக்குநர் அவளைக் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“வரட்டும் சார். படத்துலயாவது வரட்டும்.”

படம் முதலாவதைவிட நன்றாக ஓடியது. பத்திரிகைகள் நகைச்சுவையைப் பாராட்டின. இன்னும் பல நாடுகளில் பல மொழிகளில் வெளியிட்டார்கள்.

அம்மா தியேட்டருக்கு வருகிறவள் அல்ல. மகள் வற்புறுத்தியதால் ஒரு மத்தியானக் காட்சிக்கு வந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் சிரிக்க, அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைக் காட்சியில் பெருச்சாளி எழுந்து ஓரக்கண்ணால் பார்த்தபோது மகள் பக்கம் சாய்ந்தாள்.

“இவன் வேணும்னேதானே விழறான்?”

“ஆமாம்மா.”

“அவனும் அப்படித்தான்.”

இத்தனை வருடத்தில் அம்மா வாயிலிருந்து ‘அவன்’ என்று வந்தது அதுதான் முதல் தடவை.

படம் முடிந்து வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு அம்மா, இந்தப் படம் கப்பல் போகிற ஊர்களிலும் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றாள் மகள்.

“அப்ப பாத்திருப்பானோ?”

“தெரியலம்மா.”

“நான் சொன்னது தப்புதான்” என்றாள் அம்மா. “வாய் முந்திக்கிச்சு. சொன்ன அன்னிக்கே தெரியும். அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்?”

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய பஸ் வந்து நின்றது. ஏறுவதற்காக எழுந்த மகளை அம்மா இழுத்து உட்கார வைத்தாள். அடுத்ததில் போகலாம் என்றாள். பிறகு, தம்பி நடக்கப் பழகிய நாட்களைப் பற்றி, மகளுக்குத் தெரியாத கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.