திடலில் பிரஷர் பார்த்த ஞாயிறுகள்

எதிர்வீட்டு அக்கா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக வேலை பார்த்தார். எழுதும்போது தாதி என்று எழுதுவோம். வாயில் வருவது மிஸ்ஸிதான். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவை. அவர்கள் வேதக்காரர்கள். வாசலில் மாதா படமும் அதற்குக் கீழே நாங்கள் கொடுத்த பொங்கல் காலண்டரும் தொங்கும். நான் மிஸ்ஸிக்கா என்று கூப்பிடுவேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் பினாங்கு ரோட்டில். வீட்டில் நானும் மாமனாரும். மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக, இருந்தவர். வேலை முடிந்ததும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். ஆனால் பழக்கம் விடவில்லை. விடியுமுன் எழுந்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு அனுப்ப ஆள் இல்லாமல் வாசலில் நிற்பார்.

ஒருநாள் மாலை மிஸ்ஸிக்கா வேலை முடிந்து வந்து, வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார். முகம் வாடிக் கிடந்தது. "இன்னிக்கும் ஒரு ஆளு தங்கச்சி. ஜெலாப்பாங்ல பேக்டரி வேலை. பிரஷர் இருக்குன்னே அவருக்குத் தெரியாது. பாதி ஒடம்பு விழுந்தப்புறம் தூக்கிட்டு வராங்க. நம்மாளுங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுத்தான் வராங்க. நடந்து வரப்பவே நான் பாக்கணும்."

அப்படித்தான் அது தொடங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இலவசமாகப் பிரஷரும், இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோயும் பார்ப்பது. மிஸ்ஸிக்காவோடு அவருடைய ஆஸ்பத்திரித் தோழிகள் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்வது என் வேலை. இடத்துக்குத்தான் அலைந்தோம். கோயில் மண்டபம் கேட்டோம். கமிட்டிக்காரர்கள் காப்பி கொடுத்து, நல்லவிதமாகப் பேசி, "மூத்திரம் கீத்திரம்னு சொல்றீங்க, கோயிலாச்சேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தேவாலயத்து மண்டபம் கிடைத்தது. ஆனால் எங்கள் வரிசைப் பெண்கள், "அங்க போனா மதம் மாத்திடுவாங்கக்கா" என்று பின்வாங்கினார்கள். கடைசியில் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்துத் திடல்தான். பந்தல்காரர் ஒருவர் தன் நீலக் கூடாரத்தை இரவல் தந்தார்.

அந்தக் கூடாரம் சாவு வீட்டுக்குப் போவது என்று புந்தோங்குக்கே தெரியும். முதல் ஞாயிறன்று சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி, தொப்பியைக் கழற்றி, "யாரு வீட்ல?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மிஸ்ஸிக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்து கை நீட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த முறை மாமாவை அழைத்துப் போனேன். கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஆள் உயரம், மீசை, குரல். அது போதுமானதாக இருந்தது.

"எங்க போற? சந்தைக்கா? சந்தை ஓடியா போயிடும்? உள்ள போய்க் கையக் குடுத்துட்டுப் போ!"

முதலில் மிரண்டு வந்தார்கள். பிறகு பழகி வந்தார்கள். இனிப்பு நீர் பார்க்க வீட்டிலிருந்தே சிறுநீர் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். சின்னப் போத்தலில் என்று சொல்ல மறந்துவிட்டோம். தக்காளி சாஸ் போத்தல், தலைக்கு வைக்கும் எண்ணெய் போத்தல், ஒருவர் பெரிய பிராந்தி போத்தல் நிறையக் கொண்டுவந்து, "போதுமா மிஸ்ஸி?" என்று கேட்டார். குடிக்கத் தே ஓ, பாலில்லாத தேநீர், ஊற்றி வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அதை வைக்கப்போனபோது நான் போட்ட சத்தம் திடலின் அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். கச்சாங் பூத்தே வறுக்கும் குடும்பங்கள் வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிப் பொட்டலம் பொட்டலமாகக் கடலை அனுப்பின. மிஸ்ஸிக்கா ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "இவ்ளோ உப்பு! பிரஷர் பாத்துட்டு இதக் குடுத்தா ஆளு வீடு போய்ச் சேர மாட்டான்" என்றார். அடுத்த மாதம் உப்பில்லாமல் வறுத்தே அனுப்பினார்கள். அந்தக் கடலையின் சுட்ட மணம், காலைப் பனி, தூரத்தில் சுண்ணாம்பு மலைகள் மெல்லத் தெளிந்து வருவது. இன்றைக்கும் எங்காவது கடலை வறுத்தால் எனக்கு அந்தத் திடல்தான்.

மாமா எல்லாரையும் உள்ளே விரட்டினாரே தவிர, தான் போகவில்லை. "எனக்கு என்னா? மல மலயா ஏறி எறங்கின ஒடம்பு" என்பார். பிடரி வலிக்கிறது என்று தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் ஏச்சுதான் கிடைக்கும்.

அவரை மடக்கியது கோப்பிக்கடைச் சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே. மாமா வயதுக்காரர். இளமையில் தன் அப்பாவோடு தோட்டம் தோட்டமாகச் சாமான் விற்கப் போனவர், அதனால் தமிழ் சரளமாகப் பேசுவார். தினமும் மத்தியானம் அவர் கடையில் இருவரும் பலகையில் காய் நகர்த்தி டாம் ஆடுவார்கள். ஆட்டத்தில் தோற்றவர் வென்றவரை ஒரு வாரத்துக்கு மன்னிக்கமாட்டார். அந்த ஞாயிறு தவுக்கே வெறும் பனியனோடு வந்தார், கையைக் கொடுத்தார், மிஸ்ஸிக்கா "நல்லா இருக்கு தவுக்கே" என்றதும் வெளியே வந்து மாமா முன்னால் நின்றார்.

"மண்டோர், என் பிரஷர் நல்லா இருக்காம். உன்னுது?"

"எனக்கு ஒன்னோடது மாதிரி ரெண்டு மடங்கு நல்லா இருக்கும்."

"அப்ப காட்டுலா! தோத்துடுவேன்னு பயமா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. மாமா எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதுபோல் உள்ளே போனார்.

மிஸ்ஸிக்கா பட்டையைச் சுற்றினார், காற்றடித்தார், காதில் குழாயோடு பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி காற்றடித்தார். அடுத்த கையில் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் கண்டேன். மாமா மட்டும், "என்னா மிஸ்ஸி, அவன விட நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"ஐயா, நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நான் நடந்து வந்தேன்."

"அதனாலதான் சொல்றேன். நடந்து வந்தப்பவே போங்க."

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் நான் கண்டதில்லை. தவுக்கே ஓடிப்போய்த் தன் சாமான் வேனைக் கொண்டுவந்து திடலுக்குள்ளேயே நிறுத்தினார். பின்னால் கிடந்த மாவு மூட்டைகளை இறக்கிப் புல்லில் போட்டுவிட்டு, மாமாவின் கையைப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வரைக்கும் "நான் சும்மாதான் கூப்பிட்டேன், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அவரைப் படுக்கையில் சேர்த்தார். கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூளையில் நரம்பு வெடித்திருக்கும் என்றார். ஒரு வாரம் கழித்து மாத்திரைகளோடு வீடு வந்தார். அதன்பிறகு என்னோடு உப்புப் போர். கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை, குழம்பில் பாதி உப்பு. தட்டைத் தள்ளிவிட்டுத் தவுக்கே கடைக்குப் போவார். தவுக்கேயும் மீ கோரெங் நூடுல்ஸ் தரமாட்டார். "மிஸ்ஸி என்ன ஏசும்லா" என்று கையை விரிப்பார். இரண்டு பக்கமும் கதவடைத்ததால் வேறு வழியில்லாமல் உடம்பு தேறினார்.

நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். விடியற்காலையில் மாமாவும் தவுக்கேயும் திடலைச் சுற்றினார்கள். அதைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து வரிசைப் பெண்களும் சேர்ந்துகொண்டோம். சேலைக்குக் கீழே பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து. முதலில் வீதியே சிரித்தது. பிறகு சிரித்தவர்களின் மனைவிமார்களும் வந்தார்கள். நடக்கும்போதுதான் எத்தனை பேச்சு! யாருக்கு எந்த மாத்திரை, எந்தக் கிளினிக்கில் கூட்டம் குறைவு, யார் பிரசவத்துக்கு யார் துணைக்குப் போவது. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போன பெண் எங்கள் வரிசையில் அதற்குப்பிறகு இல்லை.

மாமாவின் பழைய தோட்டத்துக்குப் போகலாம் என்று சொன்னது மிஸ்ஸிக்காதான். மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியிடம் சொல்லி அனுமதி வாங்கி, ஒரு ஞாயிறு தவுக்கே வேனில் போனோம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் மேசை போட்டோம். சாப்பாட்டு நேரம் நெருங்கியும் ஒருவரும் வரவில்லை. லயத்து வாசல்களில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

குழாயடியில் இருந்த ஒரு பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நோவுன்னு தெரிஞ்சா கம்பெனிக்குச் சொல்லி வேலைய நிறுத்திடுவீங்களாமே?"

நான் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் எழுந்து, முன்பு விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த பெரட்டுக் களத்துக்கு நடந்தார். களத்தின் நடுவில் நின்று பழைய குரலில் கூப்பிட்டார்.

"பெரட்டுக்கு வாங்க! எல்லாரும் பெரட்டுக்கு வாங்க!"

கதவுகள் திறந்தன. சோறு பிசைந்த கையோடு வந்தவர்கள் உண்டு. பழக்கம் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. வந்து நின்றவர்களிடம் அவர் குரலைத் தணித்து, தனக்கு நடந்ததைச் சொன்னார். கம்பெனிக்கு ஒரு சொல்லும் போகாது, அதற்குத் தான் பொறுப்பு என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு கிழவி முன்னால் வந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வெட்டி விரல்கள் மடங்கிப்போன கை.

"காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டு இதே எடத்துல நின்னேன். நடிக்காதடி, மரத்துக்குப் போன்னு சொன்ன வாயிதானே இது? இன்னிக்கு ஒடம்பப் பாருன்னு கூப்புடுதாக்கும்."

மாமா, "ஆமா. அந்த வாயிதான்" என்றார்.

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மிஸ்ஸிக்கா பக்கம் திரும்பி, "மொதல்ல இவருக்குப் பாரும்மா. அப்புறம் நான் கையக் குடுக்குறேன்" என்றாள்.

மாமா உட்கார்ந்து கையை நீட்டினார். பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. "இன்னும் கோவம் எறங்கலயா மண்டோரய்யா?" என்று அவள் கேட்டதும் கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். அவளுக்கு இனிப்பு நீர் நிறைய இருந்தது. அன்று பொழுது சாயும் வரை கூட்டம் குறையவில்லை.

திரும்பி வரும் வழியில், வேன் புந்தோங்கை நெருங்கும்போது, மாமா "அன்னிக்கு அவள டிரெஸர்கிட்ட அனுப்பியிருக்கலாம்" என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரைத்தான் டிரெஸர் என்போம்.

அதன்பிறகு தவுக்கே அந்தப் பக்கம் சாமான் ஏற்றப் போகும் நாட்களில், காலியாகப் போகும் வேனில் தோட்டத்து ஆட்களைச் சுங்கை சிப்புட் கிளினிக்குக்கு ஏற்றிப் போவார். மாமா கூடவே போய் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

சில வருஷங்களில் தோட்டம் கைமாறியது. மரங்கள் விழுந்தன, லயங்கள் காலியாகின. ஆட்கள் புந்தோங்குக்கும் ஜெலாப்பாங்குக்கும் பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். அந்தக் கிழவியும் மகனோடு ஜெலாப்பாங்குக்கு வந்துவிட்டாள். ஒரு ஞாயிறு விடியலில் பேரன் மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து திடலில் இறக்கினான். நடக்க வந்தாளாம். வெறுங்காலோடு, ஈரப்புல்லில், எங்கள் எல்லாரையும் விட வேகமாக நடந்தாள்.

மிஸ்ஸிக்கா ஓடிப்போய் நிறுத்தினார். "பாட்டி, இனிப்பு நீருக்காரங்க செருப்பில்லாம நடக்கக் கூடாது. முள்ளு குத்தினா புண்ணு ஆறாது."

"செருப்புப் போட்டா எனக்கு நடக்க வராதும்மா. பழக்கமில்ல" என்றாள் அவள்.

மாமா திடலை விட்டுப் போவதைப் பார்த்தேன். அடுத்த சுற்று முடிவதற்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு வந்தார். தவுக்கே வீட்டில் யாருடையதோ. குனிவது அவருக்குச் சிரமம். மெல்ல முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, அவள் காலடியில் அதை நேராக வைத்தார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்துப் பார்த்தாள்.

"பெருசா இருக்கு" என்றாள்.

"மெதுவா நட" என்றார் மாமா.